எட்டரை மணிக்கு ஒரு பூஜ்யம்

பள்ளி முற்றத்தில் மழையை அளக்கும் சிறுவர்களும் காட்டில் மரங்களுக்கு எண் கட்டும் விஞ்ஞானிகளும் செய்வது ஒரே வேலைதான். அதன் பலன் கைக்கு வர ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

காலை எட்டரை மணி. வகுப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு பேர் மைதானத்தின் மூலைக்குப் போயாக வேண்டும். கேரளத்தின் பல மேல்நிலைப் பள்ளிகளில் இப்போது இது தினசரி வழக்கம். அங்கே கம்பி வேலிக்குள், நான்கு கால்கள் மீது, வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்று நிற்கிறது. பக்கங்கள் முழுவதும் சாய்வான பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. கதவு வடக்கே பார்த்திருக்கிறது, திறக்கும்போது சூரியன் நேராகத் தெர்மாமீட்டரில் விழக்கூடாது என்பதற்காக. ஒரு மாணவி உள்ளே எட்டிப் பார்த்து உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் உரக்க வாசிக்கிறாள். கூட வந்தவன் மழைமானிக்குள் இருக்கும் குடுவையை வெளியே எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் நீரை ஊற்றுகிறான். பிறகு குனிந்து நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கிறான். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

குடுவையில் சொட்டு நீர்கூட இல்லையென்றால்? ரெஜிஸ்டரில் 0.0 என்று எழுத வேண்டும். கோடு இழுக்கக்கூடாது, காலியாகவும் விடக்கூடாது. புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் தவறுவது இங்கேதான். மழையே பெய்யாதபோது எதை எழுதுவது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் பூஜ்யம் என்றால் ஒருவர் போய்ப் பார்த்தார், மழை இல்லை என்று பொருள். காலியிடம் என்றால் யாரும் போகவில்லை என்று பொருள். இருபது ஆண்டுகள் கழித்து அந்த நோட்டைப் புரட்டுபவருக்கு இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. காலியிடங்களையெல்லாம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் வராத வறட்சி வந்ததாகிவிடும். விட்டுவிட்டுக் கூட்டினால் வந்த வறட்சி மறைந்துபோகும்.

எட்டரை மணி என்பதற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் வானிலை நிலையங்கள் முந்தைய 24 மணி நேர மழையை அளப்பது அந்த நேரத்தில்தான். கிரீன்விச் கணக்கில் அது அதிகாலை மூன்று மணி. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் வானிலை ஊழியரும் அதே கணத்தில் தத்தம் கருவிகளைப் பார்க்கிறார். ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஓர் ஊர் எண்ணை இன்னோர் ஊர் எண்ணோடு ஒப்பிட முடியும்.

பூகோளம் பாடமாக உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையம் அமைக்கும் வேலையைக் கேரள அரசின் பள்ளிக் கல்வித் திட்டம் 2022 இல் தொடங்கியது. மழைமானி, ஈர-உலர் தெர்மாமீட்டர், காற்றின் திசைகாட்டி, வேகமானி, ஒரு குறிப்பேடு: பட்டியல் இவ்வளவுதான். பூகோள ஆசிரியர்களுக்கு இது ஒருவகை விடுதலை. சுழல்காற்றையும் ஈரப்பதத்தையும் கரும்பலகையில் படம் போட்டே காலம் கழித்தவர்கள் அவர்கள்.

பள்ளிகள் வானிலையை அளந்து ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும் யோசனை இதைவிடப் பழையது. அமெரிக்கா 1994 இல் அறிவித்து அடுத்த ஆண்டு தொடங்கிய ‘குளோப்’ திட்டத்தில் பல நாடுகளின் பள்ளிகள் சேர்ந்தன. இந்தியா 2000 இல் சேர்ந்தது. அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒன்று ஆசிரியர்களைத் தொடக்கத்தில் திணறவைப்பது வழக்கம். அன்றாட வெப்பநிலையைக் கடிகார நேரப்படி எடுக்கக்கூடாது, அந்தந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையொட்டி எடுக்க வேண்டும் என்கிறது அது. உச்சிப்பொழுது என்றால் பன்னிரண்டு மணிதானே என்று கேட்பவர்களுக்கு இந்தியாவே பதில். குஜராத்தின் துவாரகையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 12.54 காட்டும். அஸ்ஸாமின் திப்ருகரில் ஏறக்குறைய 11.10 க்கே உச்சிப்பொழுது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் வைத்திருக்கும் தேசத்தில் கிழக்கும் மேற்கும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த ஒரு விதி தெளிவாகக் கற்றுக்கொடுக்கிறது.

ஜூன் மாதத்தில் கொச்சியிலிருந்தும் தில்லியிலிருந்தும் இரண்டு வகுப்புகள் தங்கள் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டால் என்ன தெரியும்? கொச்சியின் ரெஜிஸ்டரில் மழை நிரம்பி வழியும்போது தில்லிப் பிள்ளைகள் நாற்பது டிகிரிக்கு மேல் எழுதிக்கொண்டிருப்பார்கள். நடுவே மும்பையிலும் ஒரு பள்ளி இருந்தால் மழை வடக்கே நகர்வதைத் தேதிவாரியாகப் பார்க்கலாம். வானிலைத் துறை 2020 இல் திருத்திய கணக்குப்படி பருவமழை கேரளத்தைத் தொடும் சராசரி நாள் ஜூன் 1, மும்பைக்கு ஜூன் 11, தில்லிக்கு ஜூன் 27. ஜூலை 8 வாக்கில் நாடு முழுவதும் பரவிவிடுகிறது. சராசரி என்பது சராசரி மட்டுமே. 2023 இல் ஜூன் 8 வரை கேரளம் காத்திருந்தது. 2025 இல் மே 24 அன்றே மழை வந்துவிட்டது. இந்தத் தேதிகளும் வானத்தைப் பார்த்துச் சொல்லப்படுபவை அல்ல. மே 10 க்குப் பிறகு, குறிப்பிட்ட 14 நிலையங்களில் குறைந்தது அறுபது சதவீதம் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவு செய்திருக்க வேண்டும். கூடவே காற்றும் மேகமும் சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். தேசமே கொண்டாடும் ‘பருவமழை தொடங்கியது’ என்ற அறிவிப்பின் அடியில் இருப்பது பதினான்கு குடுவைகளில் விழுந்த நீர்.

பதினான்கு போதுமா என்ற கேள்விக்கு வயநாடு கசப்பான பதிலைத் தந்தது. மலைநாட்டில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும் மழை அந்தப் பக்கம் தூறலாக நின்றுவிடும். மாவட்டத்துக்கு இரண்டு மூன்று மழைமானிகளை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது. கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் தன்னார்வலர்களின் உதவியோடு வயநாடு முழுவதும் மழைமானிகளைப் பரப்பி வைத்திருந்தது இதற்காகத்தான். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்களை நிலச்சரிவு அடித்துச் சென்றது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்த மலைப்பகுதியில் 570 மி.மீ.க்கு மேல் மழை பெய்திருந்ததை அந்த மையத்தின் கருவி காட்டியது. பல இந்திய நகரங்கள் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழை இது. அபாயத்தை முதல் நாளே சுட்டிக்காட்டியதாக மையம் பின்னர் தெரிவித்தது. யார் எப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த எண்ணைச் சொல்வதற்கு அங்கே ஒரு மழைமானி இருந்தது, அதை ஒருவர் போய்ப் பார்த்தார் என்பதே விஷயம்.

மழை அளப்பதன் பயன் சில நேரம் இப்படிச் சில மணிகளில் தெரிந்துவிடுகிறது. மரங்களின் விஷயம் வேறு. அங்கே அவசரப்பட்டு எதுவும் நடக்காது.

கேரளத்துக்குக் கொன்றை வெறும் மரமல்ல, மாநில மலர். ஏப்ரல் நடுவில் வரும் விஷுவன்று விடியற்காலை கண் திறந்ததும் பார்க்கும் கனியில் கொன்றைப்பூ இல்லாவிட்டால் கனியே இல்லை. அந்தக் கொன்றை பிப்ரவரியிலேயே பூத்து விஷுவுக்குள் உதிர்ந்துவிடுகிறது, மழைக்காலத்தில்கூடப் பூக்கிறது என்ற முணுமுணுப்பு அங்கே வெகுநாட்களாக இருக்கிறது. கடைத்தெருவில் பிளாஸ்டிக் கொன்றைப்பூ விற்பதையும் பலர் இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். உண்மையா? இங்கேதான் சிக்கல். “எங்கள் காலத்தில் விஷுவுக்குத்தான் பூக்கும்” என்று சொல்லும் பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எந்த ஊரில், எந்த மரம், எந்தத் தேதியில் முதல் பூவை விட்டது என்று ஐம்பது ஆண்டு எழுதி வைத்தவரைத் தேடிப்பிடிப்பது கடினம். ஜப்பானியர்கள் கியோட்டோ நகரில் செர்ரி மரம் பூத்த தேதிகளை அரசவைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலுமிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கித் தொகுத்திருக்கிறார்கள். நமக்குத் திருவிழா நினைவில் இருக்கிறது, தேதி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 2010 இல் புறப்பட்டதுதான் ‘சீசன்வாட்ச்’. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் விஞ்ஞானிகள் இதை வழிநடத்துகிறார்கள். மாத்ருபூமி நாளிதழின் ‘சீட்’ பள்ளித் திட்டத்தோடு கைகோத்ததால் கேரளத்து மாணவர்கள்தான் இதில் மிக அதிகம். முறை எளிது. பக்கத்தில் இருக்கும் மா, பலா, புளி, கொன்றை என்று ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதனடியில் போய் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். தளிர் இருக்கிறதா, முற்றிய இலை எவ்வளவு, மொட்டா மலரா, பிஞ்சா பழமா? ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்றில் ஒரு பதில் போதும். வாரத்தில் இரண்டு நிமிட வேலை. வருஷத்தில் 52 முறை செய்ய வேண்டும் என்பதுதான் தொல்லை.

கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு நகைமுரண் ஒளிந்திருக்கிறது. கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. கொன்றை கொத்துக்கொத்தாகத் தொங்குவதும் மாம்பழம் விழுவதும் அப்போதுதான். பள்ளி வளாகத்து மரத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் மரம் மிகவும் சுறுசுறுப்பாக இருக்கும் மாதங்களில் பாட்டி வீட்டில் இருப்பார்கள். வீட்டுக் கொல்லை மரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தப்பித்தார்கள். இன்னொரு வியாதியும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அந்த வாரம் முழுவதற்குமான எண்களை எழுதி முடிக்கும் பழக்கம். இது மாணவர்களின் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல. பெரிய அலுவலகங்களின் ரெஜிஸ்டர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காததை எழுதிய எண்ணைவிட விட்டுப்போன நாள் எவ்வளவோ மேல். ஆயிரம் பேர் பார்க்கும்போது ஒருவர் செய்யும் தவறு மற்றவர்களின் கணக்கில் அமுங்கிவிடும். ஆனால் ஆயிரம் பேர் வேண்டும்.

ஒரு மரம் பூப்பது ஒரு வாரம் முன்னே போனால் என்ன, பின்னே வந்தால் என்ன? மத்திய இந்தியக் காடுகளின் சால் மரத்தைக் கேட்டால் சொல்லும். சாலின் காய்கள் முற்றி, சிறகு முளைத்த விதைகளாக உதிர்வது ஜூன் வாக்கில். பெரும்பாலான மர விதைகள் மண்ணில் கிடந்து மாதக்கணக்கில் மழைக்குக் காத்திருக்கும். சால் விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. உதிர்ந்த ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஈரம் கிடைத்தால் முளைக்கும். கிடைக்காவிட்டால் செத்துப்போகும். விதை விழும் வாரமும் மழை விழும் வாரமும் சந்தித்தாக வேண்டும். இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்தச் சந்திப்பு நடந்துவருவதால்தான் இமயத்தின் அடிவாரத்திலிருந்து சத்தீஸ்கர், ஒடிசா வரை சால் காடுகள் நிற்கின்றன. மழையின் அளவை மட்டும் எழுதி வைத்தால் இந்தக் கதை புரியாது. மழையின் தேதியும் விதையின் தேதியும் வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவுக்குப் போனால் சால் காடு. அதிக தூரமில்லாத பென்ச்சுக்குப் போனால் தேக்கு. வடக்கும் கிழக்கும் ஒன்றின் ராஜ்ஜியம், தெற்கும் மேற்கும் மற்றதன் ராஜ்ஜியம். மண், ஈரம், வெப்பம், நெருப்பு எல்லாம் சேர்ந்து போட்ட எல்லைக்கோடு அது. ஹாரி சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி 1936 இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியதும், பின்னர் எஸ்.கே. சேத்துடன் சேர்ந்து 1968 இல் அதைத் திருத்தி 16 பெரும் வகைகளாகப் பிரித்ததும் இப்படிப்பட்ட எல்லைகளைத் தேடித்தான். வனத்துறைகள் இன்னும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. புதுச்சேரியில் 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலாளர்கள் அந்த மலைத்தொடரை வரைபடத்தில் ஏற்றப் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். ழான்-பியேர் பாஸ்கல் 1980 களில் செய்த ஆய்வுகள் முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும் ஒரு விஷயத்தை விளக்கின. மகாபலேஸ்வரத்தில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. தெற்கே அகஸ்தியமலைப் பகுதியின் பல இடங்களில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் மரங்களின் வகை தெற்கேதான் மிக அதிகம். மகாபலேஸ்வரத்தில் நிற்பது காயா, நாவல் போன்ற சில வகைகளைக் கொண்ட குட்டையான காடு. காரணம் காய்ந்த மாதங்கள். வடக்கே பெய்யும் மழை அத்தனையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. மீதி ஏழு மாதத்துக்கு மேல் வானம் வறண்டு கிடக்கிறது. தெற்கே தென்மேற்குப் பருவமழை போய் வடகிழக்கு வந்துவிடும், நடுவில் கோடை மழையும் உண்டு. வறண்ட மாதங்கள் இரண்டு மூன்றுதான். நிலத்தடியில் எவ்வளவு நீர் வந்து போனது என்பதைக் காட்டிலும், நீரில்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே ஈரக்காட்டு மரத்தின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. குங்கிலியக் குடும்பத்து ராட்சத மரங்கள் குடகிலும் தென் கன்னடத்திலும் செழித்து, கர்நாடகத்தின் வடக்குப் பகுதியைத் தாண்டுவதற்குள் காணாமல் போவது இதனால்தான்.

பள்ளி ரெஜிஸ்டரில் மாணவர்கள் எழுதும் பூஜ்யங்களுக்கு இப்போது வேறு மதிப்பு வருகிறது. காட்டின் வரைபடத்தைப் போட்டது மழை நாட்களைவிட அதிகமாக அந்தப் பூஜ்ய நாட்கள்தான்.

மரங்கள் ஏன் நிற்குமிடத்தில் நிற்கின்றன என்பதை மலைத்தொடர் அளவில் பார்த்தாயிற்று. ஒரே காட்டுக்குள், ஒரே மழைக்குள், இந்த மரம் ஏன் இங்கே, அது ஏன் அங்கே? இதற்குப் பதில் தேடக் காட்டை எண்ணுவதைத் தவிர வழியில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் முதுமலையில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1988 இல் அதைத்தான் தொடங்கினார்கள். தலைமை தாங்கியவர் யானை ஆராய்ச்சிக்காக உலகம் அறிந்த ராமன் சுகுமார். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம், ஆக 50 ஹெக்டேர் காடு. அதை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், ஒரு செ.மீ. விட்டமுள்ள கன்றுகூட விடுபடக்கூடாது. அது என்ன மரம், எத்தனை பருமன், கட்டத்தில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று எழுதி, எண் பொறித்த அலுமினியத் தகடு கட்ட வேண்டும். இலையுதிர்ந்து நிற்கும் மரத்தைப் பட்டையை வைத்தே இன்னதென்று சொல்ல அந்தப் பகுதிப் பழங்குடியினரின் கண் துணைக்கு வந்தது. யானை வந்தால் டேப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடவேண்டியதுதான்.

முதல் கணக்கெடுப்பில் தேறியவை 25,000 ஐச் சற்றுத் தாண்டின. வகைகள் எழுபதை ஒட்டி. வெண்தேக்கு, கருமருது, வெக்காலி, தேக்கு ஆகியவைதான் பெரிய மரங்களில் அதிகம். அதே 50 ஹெக்டேரில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இரண்டு லட்சத்துக்கு மேல் தண்டுகள், ஏறக்குறைய 300 வகைகள். மலேசியாவின் பாசோ காட்டில் மூன்று லட்சத்துக்கு மேல், 800 க்கும் அதிகமான வகைகள். முதுமலை ஏழைக் காடா? அப்படிச் சொல்வதற்கில்லை. அந்த இரண்டு காடுகளும் தீயைப் பார்க்காதவை. முதுமலையில் தரையில் ஆளுயரப் புல் இருக்கிறது, கோடையில் காய்கிறது, எரிகிறது. கணக்கெடுப்பு தொடங்கிய முதல் பத்தாண்டுகளிலேயே அந்த நிலத்தில் பலமுறை தீ நுழைந்தது. பெரிய மரங்களுக்குத் தடித்த பட்டை கவசம். கன்றுகள் கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, மறுபடி கருகுகின்றன. கிழவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும் இருந்து நடுவயதுக்காரர்கள் குறைந்துபோன கிராமம் போல ஆகிவிடுகிறது காடு. ஒருமுறை எண்ணியவருக்கு இது தெரியாது. காடு அடர்ந்து பசுமையாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கைடியா என்ற மரத்தின் கதை இன்னும் விசேஷம். செம்பருத்தியின் உறவுக்கார மரம், அதிக உயரமில்லாதது, தொடக்கத்தில் அந்த நிலத்தில் மிக அதிகமாக இருந்தவற்றில் ஒன்று. யானைகளுக்கு அதன் பட்டை மீதும் கிளை மீதும் தனி மோகம். ஆண்டுதோறும் செத்த மரங்களை எண்ணிக்கொண்டே வந்தவர்கள் கைடியா மளமளவென்று சரிவதைக் கண்டார்கள். யானை ஒடித்தது பாதி, நெருப்பு முடித்தது மீதி. எந்த மரம் எங்கே நிற்கும் என்பதை மண்ணும் மழையும் மட்டும் தீர்மானிக்கவில்லை, யானையின் நாக்கும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆண்டு தவறாத அந்தச் சாவுக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பத்தொன்பது ஆண்டுப் பதிவை மழைப் பதிவோடு பக்கத்தில் வைத்து 2010 இல் வெளியான ஆய்வு, பெரிய மரங்கள் வறட்சி வந்த ஆண்டே சாவதில்லை என்றது. மழை பொய்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகுதான் அவற்றின் சாவு கூடுகிறது. மரம் சேமிப்பைத் தின்று சமாளிக்கிறது, சேமிப்பு தீர்ந்ததும் சாய்கிறது. மழை நன்றாகப் பெய்த ஓர் ஆண்டில் காட்டுக்குள் போய், பட்டுநிற்கும் மரங்களைப் பார்த்து, நோயா பூச்சியா என்று தேடுகிறவர் குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. குற்றம் நடந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன். சாட்சி மழைமானியின் நோட்டில் இருக்கிறது.

முதுமலை, பாரோ கொலராடோ, பாசோ, இலங்கையின் சிங்கராஜா, தாய்லாந்தில் ஒன்று, போர்னியோவில் ஒன்று என்று ஆறு காடுகளின் வரைபடங்களை அருகருகே வைத்து ரிச்சர்ட் காண்டிட்டும் கூட்டாளிகளும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு 1,768 மர வகைகளை அலசியது. தாய் மரத்தின் அடியில் விழும் விதைகளைத்தான் அதே மரத்துக்கான பூச்சியும் பூஞ்சையும் தேடி வந்து அழிக்கும், ஆகவே வெப்பமண்டலக் காட்டில் ஒரே வகை மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் என்று 1970 களின் தொடக்கத்திலிருந்து ஒரு கருத்து செல்வாக்கோடு இருந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லா வகைகளும் கூட்டம் கூட்டமாகத்தான் நிற்கின்றன என்று கணக்கு சொன்னது. அரிய வகைகள் மற்றவற்றைவிட நெருக்கமாகவே நிற்கின்றன. பூச்சியும் பூஞ்சையும் இல்லை என்பதல்ல இதன் பொருள். அவை கன்றுகளைக் கொன்று கூட்டத்தைக் கலைக்கின்றன, ஆனால் கலைத்து முடிக்கவில்லை. இந்த முடிவில் வனத்துறைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அரிய மரம் காடு முழுவதும் தூவிக் கிடப்பதில்லை. அது இருக்கும் ஒரு சிறு பகுதி போனால், காட்டின் பெரும்பகுதி பத்திரமாக இருந்தும் அந்த வகை போய்விடும்.

இவ்வளவும் தெரிந்தது எண்ணியதால் அல்ல, மறுபடி மறுபடி எண்ணியதால். இந்தியா தொடங்குவதில் சளைத்த நாடல்ல. மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் வானிலைக் குறிப்புகள் 1796 இலேயே தொடங்கிவிட்டன. வானிலைத் துறை 1875 இல் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயத்தின் பனிக்கும் அடுத்து வரும் மழைக்கும் தொடர்பு இருப்பதாக 1884 இல் எழுத முடிந்ததும், பின்னர் வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டுகொண்டதும் இப்படிச் சேர்ந்த ரெஜிஸ்டர்களை வைத்துத்தான். வாக்கர் கணித மேதை. ஆனால் அவருக்குப் பல்லாண்டுக் கணக்கு தயாராகக் கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

இப்போதைய ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு, போனால் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் அறிக்கை வேண்டும், அதில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். ‘சென்ற ஆண்டு போலவே இந்த ஆண்டும் அளந்தோம்’ என்ற வாக்கியத்துக்கு நிதி வாங்குவது லேசான காரியம் அல்ல. பள்ளிகளில் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மழைமானியில் இலை சேரும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் தேர்ந்தெடுத்த பலா, அவள் பத்தாவது முடித்ததும் அநாதையாகிவிடும். எழுதிய நோட்டு தேர்வுத்தாள்களோடு பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் இருந்தால் பள்ளிக்கூடத்தின் அதிர்ஷ்டம். குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் வசதி வந்த பிறகு இந்த ஆபத்து குறைந்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லாத வாரத்தைக் கணினியும் நிரப்ப முடியாது.

முதுமலையில் ஆண்டுதோறும் மழைக்காலத்தையொட்டி ஆட்கள் அந்த 1,250 கட்டங்களுக்குள் மறுபடி நடக்கிறார்கள். எவை இருக்கின்றன, எவை போயின என்று பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை டேப்பை எடுத்து எல்லாவற்றையும் அளக்கிறார்கள். 1988 இல் எண் கட்டிய மாணவர்களில் பலர் இன்று நரைத்த பேராசிரியர்கள். உண்ணிச்செடி புதராக மண்டிய கட்டங்களில் குனிந்து ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. நெருப்பிலிருந்தும் யானையிலிருந்தும் தப்பி ஒரு செ.மீ. பருமனை எட்டிவிட்ட கன்றுக்குப் புதிய தகடு கிடைக்கிறது. செத்த மரத்தின் எண் பட்டியலிலிருந்து அழிக்கப்படுவதில்லை. எந்த ஆண்டு, எதனால் என்ற குறிப்போடு அது தன் வரிசையிலேயே இருக்கிறது.